அடுத்து கழற்றப் போகிறவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?



இன்னிக்கு கதை இல்லை, ஒரு கேள்வி. பதிவு கொஞ்சம் நீளம்தான். பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்து பொறுமையா படிங்க.

நீங்க ஒரு வேலை செய்றீங்கன்னு வச்சுக்கோங்க. முடிஞ்ச பிறகு பார்த்தா, வேலை நடந்ததற்கான அடையாளமே வெளியில் தெரியாது. ஒழுங்கா செஞ்சாலும் அரைகுறையா செஞ்சாலும் இன்னிக்குப் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரியப் போவது பத்து, இருபது வருஷம் கழிச்சு. அதுவும் உங்களை யாரென்றே தெரியாத ஒருத்தருக்கு. அந்த மனிதருக்கு நீங்க ஏதாவது கடன்பட்டிருக்கீங்களா?

பதில் சுலபம்னு தோணும். எந்த வேலையா இருந்தாலும் ஒழுங்கா செய்யணும்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவங்கதானே நாம. ஆனா ஒரு தடவை "ஏன்?"னு கேட்டுப் பாருங்க. அவர் நமக்கு நன்றி சொல்லப் போவதில்லை. கூலி தரப் போவதில்லை. மோசமா செஞ்சா புகார் கொடுக்கவும் அவரால் முடியாது. அப்புறம் எந்தக் கணக்கில் நாம அவருக்குக் கடன்காரர்?

நான் தத்துவம் படித்தவன் இல்லை. அதனால் பெரிய பெரிய வார்த்தைகளில் ஆரம்பிக்காமல், கையால் தொட்டுப் பார்த்த ஒரு பொருளில் ஆரம்பிக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ரேடியேட்டர்.

எந்தக் கார், எந்த ரேடியேட்டர்?

நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், பொழப்பு சாஃப்ட்வேர். (நம்மில் பாதிப் பேர் கதை இதுதானே!) கம்பெனி வேலையா ரெண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்தேன். பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவரிடம் 1972-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. கார் ஒன்று இருந்தது. சனி, ஞாயிறு வந்தால் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு குளிர்காலத்தில் அந்தக் காரின் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டி வந்தது.

எம்.ஜி.பி. பற்றி ரெண்டு வரி. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சின்ன ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. மூடுகூரை வைத்த ஜி.டி. வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். ராஜாக்களும் சினிமா நட்சத்திரங்களும் மட்டும் வாங்கிய ரகம் இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கி ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார். 1,798 சி.சி., நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு இன்ஜின். தயாரித்த ஆலையை 1980-ல் மூடிவிட்டார்கள். கார்கள் இன்னும் ஓடுகின்றன. அது எப்படின்னு கடைசியில் சொல்கிறேன்.

ரேடியேட்டர் செய்வது ஒரே வேலை. பெட்ரோல் எரிவதில் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வண்டியை நகர்த்தாமல் வெறும் சூடாக குளிர்விக்கும் நீரில் இறங்கிவிடும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய்க் காற்றில் விடணும். இன்ஜினைச் சுற்றி வரும் நீர் மேல் ஹோஸ் வழியா ரேடியேட்டருக்கு வரும். மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, குழாய்களைச் சுற்றியுள்ள தகடுகள் வழியா சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியா திரும்பப் போகும். இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். எம்.ஜி.பி.யில் செம்பும் பித்தளையும், ஈயப் பற்று வைத்து ஒட்டியது. அதனால்தான் கெட்டுப்போனாலும் பிரித்து, உள்பகுதியை மாற்றி, மறுபடியும் ஒட்ட முடிகிறது. பழுது பார்க்கலாம் என்ற எண்ணத்தோடே செய்யப்பட்ட பொருள்.

கழற்றும்போது யார் யார் கண்ணுக்குத் தெரிகிறார்கள்?

முதல் விதி எல்லாருக்கும் தெரியும். இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்க வைக்கிறது. 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 115 டிகிரி வரை தாங்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், அவ்வளவு நீரும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இது நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்கான விதி. இதில் தர்மக் கேள்வி எதுவும் இல்லை.

ரெண்டாவது படியிலிருந்துதான் மற்றவர்கள் வருகிறார்கள்.

உள்ளே இருக்கும் கூலண்ட்டை வடிக்கணும். அஞ்சு லிட்டருக்கு மேல் வரும். அது வெறும் தண்ணீர் இல்லை. உறையாமல் இருப்பதற்காக எத்திலீன் கிளைக்கால் கலந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி வரைகூட உறையாது. ஆனா அது விஷம். மோசம் என்னன்னா, அது இனிக்கும். தரையில் சிந்தி நின்றால் நாயும் பூனையும் வந்து நக்கும். உடம்பில் போய் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து கொன்றுவிடும். ஒரு பூனைக்கு ஒரு டீஸ்பூன் போதும்.

யோசிச்சுப் பாருங்க. வாளி வைக்காமல் வடித்து, ஹோஸ் பைப்பில் தண்ணி அடிச்சு சாக்கடையில் தள்ளிவிட்டால், காருக்கு ஒரு குறையும் இல்லை. வேலை சீக்கிரமா முடியும். ராத்திரி வரும் பூனைக்கு யார் சிந்தினதுன்னு தெரியாது. விடிஞ்சா அதன் சொந்தக்காரருக்கும் காரணம் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதால் கெடுதல் குறைந்ததா? ஒரு துளிகூடக் குறையவில்லை. செத்தது செத்ததுதான்.

இதை இங்கேயே மனசில் வச்சுக்கோங்க. கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கு.

அடுத்தது ஹோஸ். வருஷக்கணக்கா சூட்டில் வெந்து, ரப்பர் பித்தளைக் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். முறுக்கி இழுத்தால் வரும். ஆனா கூடவே பித்தளைக் கழுத்தின் ஈயப் பற்றும் விரிசல் விடலாம். அந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு சொட்ட ஆரம்பிக்கும். சரியான வழி, ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி, வாழைப்பழத் தோலை உரிக்கிற மாதிரி உரித்து எடுப்பது. ஹோஸ் போய்விடும், புதுசு வாங்கணும். விலை குறைந்ததைக் கொடுத்து விலை மதிப்பானதைக் காப்பாற்றுவது. அவசரத்தில் இருக்கும் கைக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வராது.

அப்புறம் போல்ட்டுகள். எம்.ஜி.பி.யில் ரேடியேட்டர் ஒரு தகட்டுத் தடுப்போடு ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு நிற்கும். இங்கிலாந்தின் பழைய கார் என்பதால் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலை என்றால் 12.7 மில்லிமீட்டர். நம்ம எல்லார் வீட்டிலும் இருப்பது மெட்ரிக் ஸ்பேனர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் போய் உட்காரும். 0.3 மில்லிமீட்டர்தானே வித்தியாசம்? பெரும்பாலும் திரும்பவும் செய்யும். ஆனா ஒவ்வொரு தடவையும் போல்ட் தலையின் ஆறு மூலைகளில் கொஞ்சம் கொஞ்சமா தேய்த்துவிடும். முதல் ஆளுக்குக் கழலும். ரெண்டாவது ஆளுக்கும் கழலும். நாலாவது ஆளுக்கு மூலையே இருக்காது, உருண்டைதான் இருக்கும். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி தகட்டில் மோதி ரத்தம் வரும்.

அந்தப் பெரியவர் காரில் அப்படி ஒரு போல்ட் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு போல்ட், கை வைத்ததும் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. மரையில் காப்பர் கிரீஸ் தடவியிருந்தது. ரெண்டையும் செய்தவர் ஒரே ஆளா, வேற வேற ஆளா, தெரியாது. பெரியவர் உருண்டைப் போல்ட்டைப் பார்த்துத் திட்டவில்லை. கிரீஸ் தடவிய போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரோ என்னை நினைச்சிருக்காங்க"ன்னு சொன்னார். அவ்வளவுதான். அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்த வாக்கியம் போகவே இல்லை. நினைத்தவருக்கு இவரைத் தெரியாது. அப்புறம் எப்படி நினைத்திருக்க முடியும்?

"மாட்டுவது, கழற்றுவதன் தலைகீழ்"

கார் பழுது பார்க்கும் கையேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றுவதற்கு ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியா விளக்குவார்கள். திரும்ப மாட்டுவதற்கு வந்தால், அதே படிகளைத் தலைகீழ் வரிசையில் செய்யவும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இதில் மிகப் பிரபலமானவை ஹெய்ன்ஸ் கையேடுகள். இதை ஆரம்பித்த ஜான் ஹெய்ன்ஸ் 1938-ல் அன்றைய சிலோனில் பிறந்தவர். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பிறகு படிப்புக்காக இங்கிலாந்து போய், பள்ளியில் இருக்கும்போதே பழைய ஆஸ்டின் 7 காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக் கட்டினார். விமானப்படையில் இருந்த காலத்தில், கூட வேலை பார்த்தவருக்கு ஒரு ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரித்துக் கட்ட உதவினார். கம்பெனி கொடுத்த கையேடு சாதாரண ஆளுக்குப் புரியவே இல்லை. அதனால் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கொண்டே வேலையை முடித்தார். அதுதான் 1966-ல் அவருடைய முதல் கார் கையேடாக வந்தது. காரை நிஜமாகவே கழற்றி, திரும்ப மாட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவது என்பது அந்த நிறுவனத்தின் வழக்கமாகவே ஆனது. தான் செய்து பார்க்காததை இன்னொருவருக்குச் சொல்லித்தரக் கூடாது என்ற அந்த ஒழுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா அந்தத் தலைகீழ் வரியைப் பார்த்து மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். ஏன்னு வேலை செய்து பார்த்தால்தான் தெரியும்.

சாஃப்ட்வேரில் இருக்கும் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ரோல்பேக் பண்ணினால் பழைய நிலைக்கு வந்துட்டோம்னு சொல்வோம். நிஜத்தில் பழைய நிலை என்று ஒன்று திரும்பி வராது. நடுவில் வந்த டேட்டா, நடுவில் மாறின ஆட்கள், எல்லாம் அப்படியே நிற்கும்.

ரேடியேட்டரும் அப்படித்தான். வடித்த நீரைத் திரும்ப ஊற்றினால் அது வெளியே வந்த மாதிரி உள்ளே போகாது. காற்று மாட்டிக்கொள்ளும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மெதுவா ஊற்றி, மூடி போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, 80 டிகிரி தாண்டி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை காத்திருந்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றணும். அப்புறம் மூடி போட்டு ஓட்டிப் பார்த்து, முழுசா ஆறின பிறகு மறுபடியும் மட்டம் பார்க்கணும். அவசரப்பட்டால் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு காற்றுக் குமிழி நிற்கும். அந்த இடத்தில் நீர் இல்லை என்பதால் உலோகம் தனியா சூடாகும். வேடிக்கை என்னன்னா, வெப்பம் அளக்கும் சென்சார் நீரில் நனையாமல் அந்தக் காற்றில் நின்றால் மீட்டர் குறைவாகக் காட்டலாம். முள் அமைதியா நிற்கும், உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

போல்ட்டும் அப்படித்தான். கழற்றும்போது ஒரே கேள்வி, வருதா வரலையா. மாட்டும்போது எத்தனை கேள்வி பாருங்க. மரையைப் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணவா, அப்படியே திருகவா? கிரீஸ் தடவவா, வேண்டாமா? தேய்ந்த போல்ட்டையே போடவா, புதுசு வாங்கவா? வாஷர் ஒன்று குறைகிறதே, விட்டுடலாமா? எவ்வளவு இறுக்கலாம்?

கழற்றும்போது பொருள் நம்மோடு சண்டை போடும். தப்பு செய்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாட்டும்போது பொருள் வாயைத் திறக்காது. எப்படி மாட்டினாலும் சரின்னு ஏற்றுக்கொள்ளும். பானெட்டை மூடிவிட்டால் முடிந்தது. கழற்றுவதற்குத் திறமை போதும். மாட்டுவதற்கு மனசாட்சியும் வேணும்.

சரி, கடன் எங்கிருந்து வருகிறது?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். எனக்கு நானே சொல்லிப் பார்த்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கு.

முதல் பதில்: "எனக்கு முன்னாடி ஒருத்தர் நல்லா செஞ்சு வச்சிருந்தார். அவருக்குத் திருப்பிச் செய்ய முடியாது. அதனால் அடுத்தவருக்குச் செய்றேன்." கேட்க அழகா இருக்கு. ஆனா முன்னாடி இருந்தவர் மோசமா செஞ்சிருந்தால்? அந்த உருண்டைப் போல்ட்டைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கிடைத்தது இதுதான், நானும் இப்படியே விட்டுட்டுப் போறேன்"னு சொன்னால் கணக்கு நேராகிவிடுமே! வாங்கினதைத் திருப்பித் தருவதுதான் கடன் என்றால், கெட்டதை வாங்கினவனுக்குக் கெட்டதைத் தர உரிமை வந்துவிடும். இது சரிப்படாது.

ரெண்டாவது பதில்: "என் மனத் திருப்திக்காக." இதுவும் பொய் இல்லை. வேலையை ஒழுங்கா முடித்துவிட்டுக் கை கழுவும்போது ஒரு நிம்மதி வரும். ஆனா திருப்தி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அரைகுறை வேலையிலேயே திருப்தி வந்துவிடும். அவர்களிடம் நாம் என்ன சொல்ல முடியும்?

மூணாவது பதில்: "அந்த ஆள் இன்னும் வரவே இல்லையே. ஒருவேளை இன்னும் பிறக்கவே இல்லை. இல்லாதவருக்கு எப்படிக் கடன்?" இது எதிர்ப்பக்க வாதம். கொஞ்சம் பலமானதுதான். ஆனா பூனையை நினைச்சுக்கோங்க. நான் கூலண்ட்டைச் சிந்தும் நேரத்தில் பூனையும் அங்கே இல்லை. எந்தப் பூனை வரும்னும் தெரியாது. ஏதோ ஒன்று வரும் என்று தெரியும். அது போதாதா? போல்ட்டும் அப்படித்தான். 50 வருஷக் காரின் ரேடியேட்டரை மறுபடியும் யாராவது கழற்றியே ஆகணும். பெயர்தான் தெரியாது, வருவார் என்பது நிச்சயம். அவர் விரலில் வரும் ரத்தமும் நிஜ ரத்தம்தான்.

எனக்குத் தேறிய பதில் இது. முன்னாடி செய்தவர் போய்விட்டார், இனிமேல் எதையும் மாற்ற அவரால் முடியாது. அடுத்து வரப் போகிறவர் இன்னும் வரவில்லை, இப்போ எதையும் தடுக்க அவரால் முடியாது. நடுவில், ஸ்பேனர் என் கையில் இருக்கிறது. இந்தச் சில மணி நேரத்துக்கு அந்தப் பொருளின் மேல் முழு அதிகாரம் எனக்கு மட்டும்தான். கேட்பார் யாரும் இல்லை. கேட்பார் இல்லாத அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவர் கையில்தான் வந்து நிற்கும். வேற யார் கையிலும் அது நிற்க வழியே இல்லை. எனக்கு நல்லது கிடைத்ததா, கெட்டது கிடைத்ததா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உருண்டைப் போல்ட்டைச் சந்தித்தவருக்கும் இதே பொறுப்புதான். சொல்லப்போனால் அந்த வலி எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் நல்லா தெரியும்.

பெரியவர் சொன்ன அந்த வாக்கியமும் இப்போ எனக்குப் புரியுது. கிரீஸ் தடவியவர் இவர் முகத்தை நினைக்கவில்லை. கழற்றப் போகும் ஒரு கையை நினைத்தார். அந்த இடத்தில் இவருடைய கை வந்து நின்றது.

"ரொம்ப நல்லா செய்யணும்"னும் இல்லை

இங்கே ஒரு ஆபத்து இருக்கு. இதைப் படிச்சுட்டு, கண்ணுக்குத் தெரியாத வேலையில் உயிரைக் கொடுத்து உழைக்கணும் போலிருக்குன்னு நினைச்சுடாதீங்க.

எவ்வளவு இறுக்கலாம் என்ற கேள்வியை எடுத்துக்கோங்க. ஒழுகிடுமோ என்ற பயத்தில் பலம் கொண்ட மட்டும் இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் சிரத்தை மாதிரி இருக்கும். நிஜத்தில் என்ன நடக்கும்? மரை அறுந்துவிடும். சில இடத்தில் நட் தகட்டோடு சேர்ந்தே இருக்கும், அது பிய்ந்தால் தகட்டையே வெட்டணும். ஹோஸ் கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பரையே அறுத்துவிடும். இன்னும் சிலர் ஹோஸ் வாயில் பசையை அப்பி ஒட்டிவிடுவார்கள். அவர்கள் இருக்கும் வரை ஒரு சொட்டு ஒழுகாது. அடுத்து கழற்றுபவர் பித்தளைக் கழுத்தை உடைத்துத்தான் எடுக்கணும்.

இந்த உழைப்பெல்லாம் தன் பயத்துக்காகச் செய்த உழைப்பு. அடுத்தவரை நினைத்துச் செய்ததில்லை. சரியான இறுக்கம் என்பது ஒழுகாமல் பிடிக்கவும் செய்யணும், ஸ்பேனர் வைத்தால் விட்டுக்கொடுக்கவும் செய்யணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை அரைகுறைதான்.

அதனால் இந்தக் கடனுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த ரேடியேட்டரைத் தங்கம் மாதிரி பளபளக்க வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. என் கணக்கில் மூணே விஷயம்தான்.

ஒன்று, திறக்கும்படி விடுங்க. சுத்தமான மரை, கொஞ்சம் கிரீஸ், சரியான அளவு ஸ்பேனர், அளவான இறுக்கம். கூடுதலா ஆகும் நேரம் அரை மணிகூட இருக்காது.

ரெண்டு, மறைக்காதீங்க. ரேடியேட்டர் லேசா ஒழுகினால், ஒழுக்கை அடைக்கும் பொடி அல்லது திரவம் கடையில் கிடைக்கும். நடுவழியில் நின்றுவிட்டால், வீடு போய்ச் சேர அதை ஊற்றுவதில் தப்பில்லை. ஆனா அதையே வைத்தியம் என்று விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காரை விற்றால்? அந்தப் பொருள் ஒழுகும் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் படியலாம். வாங்கினவர் ஒரு வெயில் நாளில், போக்குவரத்து நெரிசலில், ஆவி பறக்க நிற்பார். கூலண்ட் வகையும் இதே மாதிரிதான். செம்பு, பித்தளை, ஈயப் பற்று உள்ள பழைய இன்ஜின்களுக்குப் பழைய வகைக் கூலண்ட்தான் பாதுகாப்பு என்று பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். வேற வேற வகையைக் கலந்தால் உள்ளே கூழ் மாதிரி திரண்டு அடைக்கவும் வாய்ப்பு உண்டு. என்ன ஊற்றினோம், எந்தத் தேதியில் ஊற்றினோம் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி பானெட்டுக்குள் கட்டிவிட்டால் போதும். பெரியவர் அதைத்தான் செய்தார். பெயர் எழுதவில்லை. தேதி, கூலண்ட் வகை, மாற்றிய ஹோஸ்கள், உருண்டையாகிப் போய் மாற்றிய அந்த ஒரு போல்ட், அவ்வளவுதான்.

மூணு, உங்க வேலையின் விஷத்தை வெளியே விடாதீங்க. வடித்த கூலண்ட்டை மூடி போட்ட கேனில் பிடித்து, அதை எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுக்கணும். காருக்கு இதில் எந்த லாபமும் இல்லை. சம்பந்தமே இல்லாத உயிருக்காகச் செய்வது. மூன்றில் ரொம்பச் சுலபமா தட்டிக் கழிக்கக் கூடியதும் இதுதான். அதனால்தான் தனியா சொல்கிறேன்.

"ஒரு பழைய காருக்கு இவ்வளவு பேச்சா?"

கேட்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்விதான். அது ஒரு பொழுதுபோக்குக் கார். இல்லைன்னாலும் உலகம் நின்றுவிடாது.

ஆனா ஆபிங்டனில் ஆலையை மூடி 40 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. செய்த கைகள் போய்விட்டன. அப்படியும் அந்தக் கார்கள் சாலையில் ஓடுவது எதனால்? இத்தனை வருஷத்தில் அவற்றைக் கழற்றியவர்களில் போதுமான பேர், திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி மாட்டிவிட்டுப் போனதால்தான். அதில் ஒருத்தர் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது. உருண்டைப் போல்ட் போட்டவரும் அந்த வரிசையில் இருந்தார். ஆனா அவரை மாதிரி ஆட்களே அதிகமாக இருந்திருந்தால் அந்தக் கார் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இப்போ காரை ஓரமா நிறுத்திட்டு நம்ம பக்கம் பாருங்க. வேலையை விட்டுப் போகும்போது நாம் எழுதி வைக்கும் கோடும் குறிப்புகளும், அடுத்து அந்த நாற்காலியில் உட்காரும் பையனோ பொண்ணோ ராத்திரி ரெண்டு மணிக்குத் திறந்து பார்க்கப் போவது. வாடகை அறையைக் காலி செய்யும்போது, ஒழுகும் குழாயை வீட்டுக்காரரிடம் சொல்கிறோமா, துணியைச் சுற்றிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறோமா? ரெண்டு பேர் நடுவில் பஞ்சாயத்து பண்ணி வைக்கும்போதுகூட, அப்போதைக்கு வாயை அடைத்து அனுப்புகிறோமா, நாளைக்கு அவர்கள் திரும்பப் பேசிக்கொள்ள வழி வைத்து அனுப்புகிறோமா? எல்லாமே திரும்ப மாட்டும் வேலைதான். எல்லாவற்றிலும் கொஞ்ச நேரத்துக்கு ஸ்பேனர் நம்ம கையில் மட்டும் இருக்கும்.

இந்த வாரம் உங்க கையில் இருக்கும் ஒரு வேலையை எடுத்துக்கோங்க. பெருசா வேண்டாம், சின்னதே போதும். முடித்து மூடும் முன், இதை அடுத்து யார் திறப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டு, அவங்களுக்காக ஒரே ஒரு காரியம் செய்துவிட்டு மூடுங்க. உங்களுக்காக முகம் தெரியாத யாரோ அப்படிச் செய்து வைத்ததை எப்போதாவது பார்த்திருந்தால், கீழே எழுதுங்க. எல்லாரும் படிப்போம்.

பிடிச்சிருந்தா நண்பர்களுக்கும் அனுப்புங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.